பிரேக்குக்கு மட்டும் பூஜை

பூசாரி விளக்கு எண்ணெயில் மூன்று விரலைத் தோய்த்துக்கொண்டு முன் சக்கரத்தின் பக்கம் குனிகிறார், நான் வண்டிமேல் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வாயைத் திறந்து சொன்னால் முடிந்தது, அங்க வேண்டாமுங்க, டேங்க் மேல வெச்சுக்கலாமுங்க, இவ்வளவுதான், ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, விரல் இன்னும் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது, எண்ணெய் சொட்டுகிறது, மண்ணில் விழுந்தது, நல்லது, அடுத்த சொட்டும் மண்ணிலேயே விழட்டும், ஒருவேளை டயருக்கு வைக்கப் போகிறாரோ, டயருக்கு என்றால் தாராளமாக வைக்கட்டும், குளிப்பாட்டக்கூடச் செய்யட்டும், இல்லை, விரல் டயரைத் தாண்டிப் போகிறது, டயரைத் தாண்டினால் அங்கே இருப்பது என் புது டிஸ்க்தான், பெரிய சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் சல்லடை ஓட்டைகளோடு பளபளவென்று, முந்தாநாள்தான் மாட்டியது, வைத்துவிட்டார். இடமிருந்து வலமாக மூன்று கோடு. நெற்றிக்குப் பட்டை போடுகிற நிதானத்தோடு, கண்ணை மூடி, உதட்டில் மந்திரத்தோடு. நல்லெண்ணெய். பிரேக் டிஸ்க்கில் நல்லெண்ணெய். இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது, வந்து நின்றதும் பூசாரி "புது வண்டிங்களா" என்று ஒழுங்காகத்தான் கேட்டார், ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் ஹேண்டில் பாருக்கு ஒரு மாலை, ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, டேங்க்குக்கு ஒரு பட்டை என்று முடிந்திருக்கும், நான் அரிச்சந்திரன் பேரன், "வண்டி நாலு வருசமாச்சுங்க, பிரேக்குதான் புதுசு" என்றேன், அதோடாவது நிறுத்தினேனா, "இருக்கறதுலயே நல்ல பிரேக்குங்க" என்று பெருமை வேறு. பூசாரி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வண்டிக்கு நாலு வருசம் முன்னாடியே பூஜை ஆயிருக்கோணுமே. ஆனதுக்கே மறுபடி பண்றது மொறையில்லீங்க. பிரேக்குக்கு மட்டும் பண்ணிர்லாம்" என்றார். மறுத்துப் பேச அதில் ஒரு இடம்கூட இல்லை. என் ஆபீசில் ஒருத்தருக்கும் இவ்வளவு தெளிவாக யோசிக்கத் தெரியாது.

இப்போது சந்தனம் குழைக்கிறார். கிண்ணத்தில் தண்ணீர் விடுவார் என்று பார்த்தால் அதிலும் அதே எண்ணெய் இரண்டு சொட்டு, வாசமாக இருக்கட்டும் என்றோ என்னவோ, அவருக்குத் தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும், எனக்கே முந்தாநாள் ஜெரோம் சொல்லித்தான் தெரியும். ஜெரோம் பீளமேட்டில் பெரிய பைக்குகளுக்கு மட்டும் பட்டறை வைத்திருக்கிறான், தாடி, காதில் கடுக்கன், கஸ்டமர் எல்லோரும் அவனுக்கு ப்ரோதான், என் வயதில் பாதிதான் இருக்கும், இருந்தாலும் ப்ரோ. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் டிஸ்க்கை உறையிலிருந்தே எடுத்தான், நான் ஆசையாக ஒரு விரலை நீட்டினேன், "ப்ரோ, கை வைக்காதீங்க ப்ரோ, விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பசைகூட இதுக்கு ஆகாது" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், அப்புறம் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தான், டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற பேட் என்று ஒன்று இருக்கிறதாம், அது எண்ணெயைக் குடித்துவிட்டால் அவ்வளவுதானாம், துடைத்தாலும் போகாது, சுட்டாலும் போகாது, கழற்றி வீச வேண்டியதுதான், "வெண்ணெய் தடவுன செவுத்துல ஏற முடியுமா ப்ரோ, அந்த மாதிரி" என்றான். அந்த வகுப்பை நான் வீட்டுக்கு வந்து அப்படியே சுகந்திக்கு எடுத்தேன். சாப்பிடும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுப் பூனை சக்கரத்தில் முதுகைத் தேய்க்க வந்தது, அதையும் துரத்தினேன், வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பூனைக்கும் எண்ணெய்ப் பசை உண்டு என்று விளக்கினேன். சுகந்தி சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு வந்து என்னையும் வண்டியையும் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் புதுசா எது வந்தாலும் பூஜை போட்டுத்தான் எடுப்போம், ஃப்ரிட்ஜுக்குப் போட்டோம், இன்வெர்ட்டருக்குப் போட்டோம், இதுக்கும் போட்டுருவோம்" என்றாள். நான் உடனே சரி என்றேன், ஏனென்றால் அடுத்த வாக்கியமாக அவள் சொன்னது, "பூஜை முடிஞ்சதும் நானும் ஏறிக்கறேன்." அப்புறம் ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

சித்திரை மாதத்திலிருந்து அவள் என் வண்டியில் ஏறவில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஊரில் எத்தனையோ பெண்டாட்டிகள் எத்தனையோ புருஷன்மார் வண்டியில் ஏறாமல் சௌக்கியமாக இருக்கிறார்கள், ஆனால் நான் இந்த வண்டியை வாங்கினதே அவளை வைத்துக்கொண்டு போகத்தான், நாற்பத்தைந்து வயதில் எவனாவது தனக்காக இவ்வளவு பெரிய வண்டி வாங்குவானா, வாங்குவான், நிறையப் பேர் வாங்குகிறார்கள், சரி, எனக்காகவும்தான். எனக்குத் தொழில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர், விடிந்தால் அப்பளமாக நொறுங்கின வண்டிகளைத்தான் பார்க்கிறேன், அதனாலேயே நான் வேகமாக ஓட்டுகிறவன் கிடையாது, பெரிய வண்டிக்காரர்கள் சங்கத்தில் என்னைக் கல்யாண ஊர்வலம் என்று கூப்பிடுகிறார்கள், மற்றவர்கள் சைலன்சர் மாற்றுவார்கள், இன்ஜினுக்குள் என்னென்னவோ செய்து இன்னும் வேகம் ஏற்றுவார்கள், நான் ஒருத்தன்தான் நிற்பதற்குச் செலவு செய்தவன். சித்திரையில் சிறுவாணி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம், அவள் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், ஆஸ்பத்திரிக் கதை, அவள் நர்ஸ், ஒரு நோயாளி ட்ரிப்ஸ் பாட்டிலோடு டீ குடிக்கப் போன கதை, முன்னால் போன பால் வண்டி நின்றது, நான் பிரேக்கைப் பிடித்தேன், பிடித்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன், வண்டி தன் எடை, என் எடை, அவள் எடை, கேரியரில் இருந்த பலாப்பழத்தின் எடை எல்லாவற்றையும் சேர்த்து நிதானமாக யோசித்துத்தான் நின்றது, பால் வண்டியின் பின்பக்கத்தை மெதுவாகத் தொட்டு நின்றது, ஒருத்தருக்கும் காயமில்லை, ஒரு கேன்கூடச் சிந்தவில்லை, ஆனால் அவள் முகம் வந்து என் ஹெல்மெட்டில் இடித்து முன்பல்லில் ஒரு மூலை உடைந்துவிட்டது. அரிசி நுனி அளவுதான். அவள் சிரித்தால் தெரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பல்லைப் பார்த்துவிட்டு, "இனி உங்க பின்னாடி நான் உக்கார மாட்டேன்" என்றாள், சண்டைக் குரலில் இல்லை, வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பிரேக்தான். மறுநாளிலிருந்து அவள் டவுன் பஸ்ஸில் போனாள், எனக்கு மனசு கேட்காமல் நான் அதே பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன், பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் நானும் நிற்பேன், அவள் ஜன்னலிலிருந்து என்னைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், ஒரு வாரத்தில் கண்டக்டர் என்னை டீ குடிக்கக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டார், "உங்க வீட்டம்மாவுக்கு சீட்டு போட்டு வெச்சாச்சுங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்பார். அந்த ஜன்னலும் அந்தப் பல்லும் என் நெஞ்சிலேயே நின்றுவிட்டன. எட்டு மாதமாக அவள் சிரிக்கும்போது எல்லாம் எனக்குச் சிரிப்பு வராது.

சந்தனம் ஆயிற்று. டிஸ்க்கில் மூன்று எண்ணெய்க் கோட்டின் நடுவே ஒரு வட்டச் சந்தனம், அதன் நடுவே குங்குமம், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனால் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நிதானமாக யோசி, எண்ணெய் டிஸ்க்கின் முன்பாதியில்தான் இருக்கிறது, பேட் இருப்பது பின்பாதியில், இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் சுத்தமான இரும்பு, சக்கரம் சுற்றாத வரைக்கும் எண்ணெய் எண்ணெய் இடத்தில், பேட் பேட் இடத்தில், ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், பேட் நேராகப் போய் நல்லெண்ணெயில் முழுக்குப் போட்டுவிடும். ஆக, நான் செய்ய வேண்டியது நகராமல் இருப்பது. அது எனக்கு நன்றாக வரும். ஆனால் பூசாரி எலுமிச்சம்பழம் எடுக்கிறார். இரண்டு எலுமிச்சை, முன் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும், அதுதான் வழக்கம், சுற்றாமல் எப்படி நசுக்குவது, வண்டியைத் தூக்கி வைக்கலாம், இருநூற்று நாற்பது கிலோ. பின்னால் ஒரு ஹாரன். புது ஜேசிபி ஒன்று, மஞ்சளாக, இரண்டு வாழைக் கன்றைக் கட்டிக்கொண்டு, அடுத்த பூஜைக்கு நிற்கிறது, அதன் முதலாளி வெள்ளைச் சட்டையில் செல்போனில் மணி பார்க்கிறார், "ஏனுங்க, ராகு காலம் வந்துருமுங்க, சித்த வெரசா முடிச்சு நகுந்தீங்கன்னா தேவலைங்க" என்கிறார், மரியாதையாகத்தான் சொல்கிறார், மரியாதையாகச் சொல்கிறவர்களிடம் எனக்குத் தப்பிக்கவே தெரியாது. இந்தக் கோயில் வேறு இறக்கத்தின் தலையில் இருக்கிறது, தடம்பார்த்த விநாயகர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர், வாசலிலிருந்து இருபது அடி மண் தரை, அப்புறம் தார் ரோடு, அப்புறம் கடகடவென்று இறக்கம், கீழே முச்சந்தி, அங்கே டவுன் பஸ் திரும்புகிற இடம். பிரேக்கைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நேற்று நானே சொன்னேன். நேற்று எனக்கு எல்லாமே பிரமாதமாகத் தெரிந்தது.

நேற்று காலையில்தான் பைபாஸில் பேட்டைப் பழக்கினேன், அதுவும் ஜெரோம் சொன்னது, புது பேட்டும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம், வேகமாகப் போய்ப் பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் முழுக்க நிற்கக் கூடாது, நிற்கப் போகிற நேரத்தில் விட்டுவிட்டு மறுபடி வேகம் எடுக்க வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும், இப்படியே திரும்பத் திரும்ப, கல்யாணமான புதிதில் இருப்பது மாதிரிதான் ப்ரோ என்றான், கல்யாணமாகாத பையன். நான் போனேன், பிடித்தேன், விட்டேன், போனேன், பிடித்தேன், விட்டேன், ரோட்டோர இளநீர்க்காரர் எழுந்து நின்று பார்த்தார், மூன்றாவது தடவை கடக்கும்போது கையைத் தட்டி, "எதத் தொலைச்சீங்க" என்று கத்தினார், நிற்கக் கூடாதே, போகிற போக்கில் "ஒண்ணுமில்லீங்க" என்று கத்தினேன், அடுத்த சுற்றில் அவரும் குனிந்து ரோட்டோரத்தில் தேட ஆரம்பித்திருந்தார், அதற்கடுத்த சுற்றில் இளநீர் குடிக்க வந்த இரண்டு பேரும் தேடினார்கள். ஆனால் பிரேக், என்ன பிரேக் அது, இரண்டு விரல் வைத்தால் போதும், வண்டி மண்டையை ஆட்டி, உத்தரவு என்று நின்றது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு. வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பின்சீட்டில் சுகந்தி இருப்பதாக நினைத்துக்கொண்டு மெதுவாக மெதுவாக நிறுத்தினேன், அவள் முகம் என் ஹெல்மெட்டைத் தொடவே இல்லை, நினைப்பில்.

கற்பூரம் காட்டுகிறார். பிரேக்குக்குத்தான் காட்டுகிறார், என் பக்கம் திரும்பவே இல்லை. சுகந்தி கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறாள், மாம்பழ நிறச் சேலை, தோளில் எப்போதும் தொங்குகிற பெரிய பை, உதடு அசைகிறது, என்ன வேண்டுகிறாள், வண்டியை நான் விற்றுவிட வேண்டும் என்றா, இல்லை, அப்படி என்றால் என்னிடமே சொல்லிவிடுவாள், சாமி வரைக்கும் போகமாட்டாள். இப்போது சொல்லிவிடலாமா. சுகந்தி, டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டது, இன்றைக்கு வேண்டாம். சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும், சந்தனத்துக்கே தாங்காத பிரேக்கா உங்க பிரேக்கு, அவ்வளவுதான், அப்புறம் இந்த ஜென்மத்தில் ஏறமாட்டாள், டவுன் பஸ், ஜன்னல், கண்டக்டர். சொல்லாமல் போனால் என்ன, மெதுவாகப் போகலாம், நடக்கிற வேகத்தில், பின் பிரேக் இருக்கிறதே, பின் பிரேக் பழசு, பெயருக்குத்தான் இருக்கிறது, கியரிலேயே இறக்கலாம், காலை ஊன்றிக்கொண்டே போகலாம், செருப்பு தேயும், தேயட்டும், முச்சந்தியில் பஸ் இல்லாமல் இருந்தால் தப்பித்தோம், பஸ் இருந்தால், பஸ் எப்போதும் இருக்கும். எனக்கு என் ரிப்போர்ட்டே கண் முன்னால் ஓடுகிறது, நானே எழுதுகிற நடையில், சம்பவம் நடந்த இடம், கோயில் இறக்கம், வாகனத்தின் நிலை, நன்று, ஓட்டுநரின் நிலை, நன்று, விபத்துக்கான காரணம், சந்தனம். கீழே குறிப்பு, குங்குமமும் இருந்தது. இந்தக் கிளெய்மை நானே நிராகரிப்பேன். பின்சீட்டில் இருந்தவர் என்று ஒரு கட்டம் வரும், அதை நிரப்ப மாட்டேன், அந்தக் கட்டத்தை எத்தனை பேருக்கு நிரப்பியிருக்கிறேன், கை நடுங்காமல், காப்பியைக் குடித்துக்கொண்டே, அதில் சுகந்தி என்று எழுத வேண்டிவந்தால். வேண்டாம். யோசிக்காதே. பஸ் இருக்காது. இருக்கும்.

"ஆச்சுங்க, எடுத்துக்கிளப்புங்க, நல்லபடியா போய்ட்டு வாங்க" என்கிறார் பூசாரி. ஜேசிபி உறுமுகிறது. சுகந்தி கண்ணைத் திறந்து விபூதி வைத்துக்கொண்டு வருகிறாள், எனக்கும் ஒரு கீற்று வைக்கிறாள், விரல் ஜில்லென்று இருக்கிறது, சேலையைக் கொசுவத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடது காலைப் படியில் வைக்கிறாள், என் தோளில் கை வைக்கிறாள். எட்டு மாதம் கழித்து அந்தக் கை. கனமே இல்லை, ஆனால் முழு வண்டியையும் விட அதுதான் கனமாகத் தெரிகிறது, கட்டைவிரல் என் கழுத்துப் பட்டையை உள்பக்கம் மடித்துவிடுகிறது, வழக்கம்போல, சட்டை காலர் எப்போதும் மடங்காமல் நிற்கும் எனக்கு, அந்த விரல் இல்லாமல் எட்டு மாதம் நான் மடங்காத காலரோடு ஊரெல்லாம் போயிருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் இன்னும் ஏறவில்லை, ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், இப்போது சொல்லாவிட்டால் இனி சொல்ல முடியாது, ஏறிவிட்டால் சுற்ற வேண்டும், சுற்றினால் போச்சு, எலுமிச்சம்பழம் காத்துக்கொண்டிருக்கிறது, ஜேசிபிக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார், ராகு காலம் காத்துக்கொண்டிருக்கிறது, விநாயகர் மட்டும்தான் அவசரப்படாமல் இருக்கிறார்.

"சுகந்தி, ஏறாத." என் குரல்தான், எங்கிருந்தோ வந்தது, வேண்டிய அளவைவிட இரண்டு மடங்கு சத்தமாக. அவள் கை தோளிலேயே நின்றது. "ஏனுங்க?" என்றாள். "பிரேக் பிடிக்காது" என்றேன். ஜேசிபிக்காரர், "பூஜை போட்டதே பிரேக்குக்குத்தானுங்களே" என்றார். பூசாரியின் முகம் சுண்டிவிட்டது, "நான் மொறையாத்தானுங்க பண்ணுனேன்" என்றார். மொறையாத்தான் பண்ணினீங்க, அதுதான் கஷ்டம் என்று சொல்ல வந்து, அதை விட்டுவிட்டு நான் சுகந்தியைப் பார்த்துக் கொட்டித் தீர்த்தேன், "டிஸ்க்குல எண்ணெய் பட்டிருச்சு. சக்கரம் ஒரு சுத்து சுத்துனா பேட்ல எறங்கிரும், அப்பறம் பிடிக்காது, உன்ன வெச்சுட்டு இந்த எறக்கத்துல என்னால நிறுத்த முடியாது. பஸ்ஸு வேற வரும்." சொல்லி முடித்துவிட்டு அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது, ஆனால் ஜேசிபிக்காரரிடமிருந்து வந்தது, "சந்தனத்துக்கே தாங்கலீங்களா" என்றார், நிஜமான அக்கறையோடு. சுகந்தி அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றாள். "மொத கோடு போட்டப்பவே." "அப்பறம் ஏன் இத்தன நேரம் வாயத் தொறக்காம உக்காந்திருந்தீங்க?" "சொன்னா நீ ஏற மாட்டீன்னு பயமா இருந்துச்சு" என்றேன். இதை வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் சொல்லியாகிவிட்டது. அவள் காலைப் படியிலிருந்து எடுத்தாள். போச்சு, என்று நினைத்தேன், எட்டு மாதமும் போச்சு, ஜெரோமின் வகுப்பும் போச்சு. அவள், "தொடைச்சா போகுமா?" என்று கேட்டாள்.

"பேட்ல எறங்காத வரைக்கும் ஸ்பிரிட்டுல தொடைச்சா போகும், ஆனா இங்க ஸ்பிரிட்டுக்கு எங்க போறது" என்றேன், அவள் அதற்குள் தோள் பையைத் திறந்துவிட்டாள், அந்தப் பைக்குள் என்னதான் இருக்கிறது என்று இருபது வருஷமாக நான் கேட்டதில்லை, மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியாருக்குத் தினமும் இன்சுலின் போடுகிறவள் அவள்தான், ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு, சின்னச் சின்ன உறையில், ஒரு பெட்டி முழுக்க. கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பூசாரி, "அம்மிணி, சாமி சந்தனமுங்க" என்றார். "தெரியுமுங்க, நீங்க இன்னொருக்கா டேங்க் மேல வெச்சு விடுங்க, சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றாள், ஊசிக்கு அழுகிற பெரியவர்களிடம் பேசுகிற குரலில், அவரும் சமாதானமாகி டேங்க்குக்குப் போய்விட்டார். அவள் ஒவ்வொரு உறையாகப் பிரித்து நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தாள், ஒரு தடவை துடைத்த பஞ்சைத் திருப்பி வைக்கவே இல்லை, மஞ்சளும் சிவப்புமாக அழுக்கான பஞ்சுகளை மறக்காமல் ஒரு காகிதத்தில் மடித்தாள், ஓட்டைக்கு ஓட்டை விட்டுத் துடைத்தாள், ஜேசிபிக்காரர் இறங்கி வந்து ஆபரேஷன் பார்க்கிறவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ராகு காலத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் வண்டிமேல் இருந்தபடியே குனிந்து உறை பிரித்துக் கொடுத்தேன். அவள் தலை நிமிராமலே பேசினாள், "அன்னிக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா பல்லு தப்பிச்சிருக்கும்." "எந்த வார்த்தை?" "பிடிச்சுக்கோன்னு. பால் வண்டி நின்னது உங்களுக்குத் தெரிஞ்சுது, நிக்காதுன்னும் தெரிஞ்சுது, நான் பாட்டுக்கு ட்ரிப்ஸ் கதை சொல்லிட்டு இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா முதுகப் பிடிச்சிருப்பேன்ல. பிரேக்க மாத்துங்கன்னு நான் எப்ப சொன்னேன்?" யோசித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை. எட்டு மாதம், பீளமேடு, ஜெரோம், பைபாஸ், தொலையாததைத் தேடின இளநீர்க்காரர், எல்லாம் நானாகவே செய்துகொண்டது. "நீ என்ன வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன். "சொன்னா பலிக்காது" என்றாள், கடைசி உறையைப் பிரித்தபடி.

டிஸ்க் நேற்றுப் பார்த்ததைவிட அதிகமாகப் பளபளத்தது. பூசாரி எலுமிச்சையைச் சரி செய்து வைத்தார், சுகந்தி ஏறினாள், படியில் கால், தோளில் கை, அப்புறம் அந்தச் சின்ன அமுக்கல், வண்டி ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது, எட்டு மாதமாக நான் மறந்துபோயிருந்த அசைவு அது. கிளட்சை விட்டேன். ஒரு பழம் நசுங்கியது, இன்னொன்று நசுங்கியது. மண் தரையில் நடக்கிற வேகம்கூட இல்லை, நத்தை எங்களை முந்தியிருக்கும், தார் ரோடு ஆரம்பிக்கிற விளிம்பில் நிற்க வேண்டும், இடது வலது பார்க்க வேண்டும், நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, "சுகந்தி, பிரேக் போடறேன், பிடிச்சுக்கோ" என்று கத்தினேன், கோயில் மணியே அதிர்ந்திருக்கும், எங்கள் பின்னாலேயே நகர ஆரம்பித்திருந்த ஜேசிபி சடாரென்று பிரேக் அடித்து நின்றது, அதன் இரண்டு வாழைக் கன்றும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தன, எலுமிச்சம்பழத் தட்டோடு பூசாரி கோயில் படியில் ஏறி நின்றுவிட்டார். என் வண்டி எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் இரண்டு கையாலும் என் முதுகுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராத சிரிப்பு, வண்டி குலுங்கினதில்தான் தெரிந்தது, ஓரக் கண்ணாடியில் அந்த உடைந்த பல்லைப் பார்த்தேன், எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கும் சிரிப்பு வந்தது. கீழே முச்சந்தியில் டவுன் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. "பிடிச்சுட்டேன், போங்க" என்றாள்.